கைபடாத இன்ஜின்

வெள்ளிக்கிழமை கார் சந்தையில் ஷௌகி ஒரு வண்டியின் மேல் குனிந்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மன்சூரா நகரத்துக்கு வெளியே அந்தப் புழுதித் திடலில் வேறு எதற்கும் யாரும் வாயை மூடுவதில்லை. பாங்கு சொல்லும்போதுகூட ஏதாவது ஒரு மூலையில் பேரம் நடந்துகொண்டுதான் இருக்கும். அன்று அவர் முன்னால் நின்றது ஒரு வெள்ளைக் கார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓட்டைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து உள்ளிருந்து மூச்சு எப்படி வருகிறது என்று பார்த்தார். பின்பக்கம் போய்க் குந்தி, புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, அந்தக் கரியை மூக்கருகே கொண்டுபோனார். வண்டி வாங்க வந்த ஹாஸிம் என்கிற பையனுக்கு, அவர் விரலைக் கர்சீப்பில் துடைத்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"திறந்தது," என்றார் ஷௌகி.

அந்தத் திடலில் இந்த ஒரு சொல் போதும். வண்டி மரத்தில் மோதியிருக்கலாம், கதவு மாற்றியிருக்கலாம், பத்துக் கை மாறியிருக்கலாம்; அதற்கெல்லாம் ஒரு விலை உண்டு, மன்னிப்பும் உண்டு. இன்ஜினைத் திறந்து உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும், வாங்க வந்தவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவான். நன்றாக ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. திறந்ததா, திறக்காததா என்பதுதான் முதல் கேள்வி. விற்க வருகிறவர்கள் கண்ணாடியில் ஒட்டும் அட்டையிலும், வண்டி எந்த வருடத்தது என்பதற்கும் முன்னால் அதைத்தான் எழுதுவார்கள்: கைபடாதது.

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் கனத்த உடம்புக்காரர். அவருக்கு வந்த கோபத்தில் ஜலாபியா அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏன் ஹாஜி, திறந்தா என்ன? உள்ளேருந்து பாம்பா வந்துச்சு? நல்ல கைக்காரன் பிஸ்டன் ரிங் மாத்தினான். வெண்ணெய் மாதிரி ஓடுது. காதுல விழலியா?"

"ஓடும். ஓடலைன்னு நான் சொல்லலியே. ஆனா திறந்த இன்ஜின் பழைய இன்ஜின் ஆகாது."

"அப்படியா? காலைல நீங்க உங்க வண்டில வந்து இறங்கினதையும் பாத்தேன். பின்னாடி நீலமா ஒரு புகை. மீன் சுடுற கடைன்னு நெனச்சு ரெண்டு பேரு வரிசைல நின்னுட்டானுங்க. அதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

சிரிப்பு எழுந்தது. தேநீர்க்காரன்கூடச் சிரித்தான். ஷௌகி ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, "என் வண்டி கைபடாதது," என்றார்.

"கைபடாமலே சாகப்போகுது போங்க," என்றார் அந்த மனிதர்.

திரும்பும் வழியில் ஷௌகி இரண்டு தடவை நிறுத்தி ஆயில் ஊற்றினார். முன்பெல்லாம் ஒரு முறை ஊற்றினால் ஆயில் மாற்றும் காலம் வரைக்கும் அளவுக் கம்பியில் கோடு இறங்காது. இப்போது பின்பெட்டியில் எந்நேரமும் ஒரு டப்பா இருந்தது. ரிங் தேய்ந்துவிட்டது, ஆயில் மேலேறி எரிகிறது என்று அவருக்குத் தெரியாதா? ஊரார் வண்டிக்கு அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். தன் வண்டி என்று வரும்போது மட்டும், பெட்ரோல் சரியில்லை, குளிர்காலத்துக் காற்று சரியில்லை என்று ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சாம்பல் நிறக் கார் அவருடைய அக்கா வீட்டுக்காரர் ஷிஹாத்தாவுடையது. நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்த்த, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுவதற்கு முந்திய வருடம், விற்பதென்றால் முதலில் ஷௌகிக்குத்தான் என்று சாவியை நீட்டினார். உறவுக்காரர் வண்டி என்பதால் ஷௌகி கரியை மோந்து பார்க்கவில்லை, மூடியைக் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஒருமுறை காதை வைத்தார். கேட்ட மாத்திரத்தில், "கைபடாதது மச்சான், சத்தியமா கைபடாதது!" என்று கூவினார். ஷிஹாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவும், உள்ளேயிருந்து அக்கா தேநீர்த் தட்டோடு வந்ததில் பேச்சு நின்றுபோனது போலவும் ஒரு ஞாபகம். அதற்கு அப்போது அவர் எந்த அர்த்தமும் பார்க்கவில்லை.

சர்க்கரை ஆலையின் எடைமேடையில் பீட்ரூட் லாரிகளின் உறுமலுக்கு நடுவே வேலை பார்த்த ஷௌகிக்கு, காது இருக்கிறது என்று தெரியவந்ததே இந்த வண்டியால்தான். இதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மற்ற வண்டிகளை அளக்கக் கற்றுக்கொண்டார். யாராவது விவரம் கேட்டால், "கைபடாத இன்ஜின் எப்படிப் பேசும்னு தெரியணுமா? வாங்க, என் வண்டியக் கேளுங்க," என்று கூட்டிப்போய்க் காட்டுவார். மேல் மூடியின் ஓரத்தில் கொஞ்சம் ஆயில் கசிந்தபோது, மெக்கானிக் மம்தூஹ் அந்தத் தகட்டைக் கழற்றி ரப்பரை மாற்றித் தருகிறேன் என்றார். ஷௌகி ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் கழற்றுவதும் திறப்பதுதான் என்று சொல்லி, வருடக்கணக்காக வாரம் ஒருமுறை துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனி, திங்கள், புதன் மூன்று நாளும் மதியம் அவர் அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவார். இன்ஷிராஹ் அவரைவிட ஆறு வயது மூத்தவள். குழந்தை இல்லை, ஷிஹாத்தாவும் இல்லை, ஒட்டிக்கொள்ள இந்த ஒரு தம்பிதான். வண்டியின் முன்சீட்டில் கம்பளிச் சால்வையை முழங்கால்மேல் விரித்துக்கொண்டு உட்காருவாள். இடது கை அதன்மேல் கிடக்கும். முழங்கைக்குக் கீழே அறுத்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்துவைத்த இடம், கயிறு முறுக்கியதைப் போலப் புடைத்து நிற்கும். ஷௌகி கியர் போடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போட்டுப் பழகியிருந்தார்.

"இது ராத்திரில சத்தம் போடுதுடா," என்று ஒரு நாள் சொன்னாள். "உள்ளே ரத்தம் ஓடுற சத்தம். தலையணைக்கடில வெச்சா மோட்டார் மாதிரிக் கேக்குது. காதை வெச்சுப் பாக்குறியா?"

"நான் சந்தைக்கு வர்ற வண்டிதான் பாப்பேன் அப்லா," என்று சிரித்து மழுப்பினார். அக்காவை அப்லா என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரித்தாள்.

போன வருடம் மன்சூராவில் பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: ஷௌகியின் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்துகிறது. இவ்வளவு நன்றாகப் பொருந்துவது அபூர்வம். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நாள் தள்ளவேண்டாம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தை முடிந்து ஷௌகி வீட்டில் எல்லாரும் வாத்துக்கறியும் முலுகியாக் கீரையும் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரோ விசாரித்தார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று. ஷௌகி அன்றும் சந்தையில் சொன்ன வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "என்னத்தச் சொல்ல. திறந்த இன்ஜின் பழைய இன்ஜின் ஆகாது," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பாதிப்பேர் சிரிக்கவும் செய்தார்கள். அவர் மனைவி ஃபிக்ரியா விட்ட பெருமூச்சு அவருக்குக் கேட்டது. அது நிம்மதிப் பெருமூச்சு. இன்ஷிராஹ் மட்டும் சிரிக்கவுமில்லை, முகம் வாடவுமில்லை. கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவருக்குப் பயம். வேறொன்றும் இல்லை. கத்தி உடம்பைக் கிழிக்கும் என்பதுகூட இல்லை. கிழித்து மூடியபின் தான் வேறு ஆளாகிவிடுவோம், குனிந்து இன்ஜின் பார்க்க முடியாத, மூட்டை தூக்க முடியாத, திடலில் ஒதுக்கப்பட்ட ஒரு ஆளாக என்று பயம். பயப்படுவது பாவமில்லை. அதைப் பயம் என்று சொல்லாமல் அறிவு என்று சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அவருடைய குற்றம். அதற்கு ஈடாக, வாரம் மூன்று நாள் மழையானாலும் புழுதிக்காற்றானாலும் ஒரு நிமிஷம் பிந்தாமல் அக்காவின் வாசலில் ஹாரன் அடித்தார்.

சந்தையில் கேலிக்கு ஆளான மறுநாள், சனிக்கிழமை, கால்வாய்க் கரைச் சாலையில் வண்டி பேச ஆரம்பித்தது. முதலில் மெல்லிய ஒரு தட்டல், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. ஷௌகி ரேடியோவைக் கூட்டிவைத்தார். தட்டல் ரேடியோவையும் மீறியது. ஆயில் விளக்கு சிவந்து கண்ணைச் சிமிட்டியது. வண்டி ஒருமுறை குலுங்கி, யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நின்றுவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சூடாயிருச்சு."

"சூடான சத்தம் இல்லையே இது," என்றாள் இன்ஷிராஹ்.

அவர் பானட்டைத் திறந்து சும்மா நின்றார். செய்ய ஒன்றுமில்லை என்பது தெரிந்தும் அங்கே இங்கே தொட்டுப் பார்த்தார். கடந்து போன மைக்ரோபஸ்களில் இடமில்லை. குளிர்காற்று கால்வாயிலிருந்து நேராக அடித்தது. வெகுநேரம் கழித்து, பச்சைத் தீவனம் ஏற்றி வந்த ஒரு பிக்கப் நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் அக்காவை ஏற்றிவிட்டு, ஷௌகி பின்னால் தீவனக் கட்டுகளின்மேல் உட்கார்ந்துகொண்டார். டயாலிசிஸ் பிரிவில் அவளுடைய நேரம் போய்விட்டிருந்தது. இனி பாதி நேரம்தான் தரமுடியும், பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சத்தம் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. இருப்பது அத்தனை மெஷின்தான். பாதியில் இறக்கப்பட்ட இன்ஷிராஹ், முகம் ஊதியபடியே வெளியே வந்தாள். படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். "பரவாயில்லடா, திங்கக்கிழமை சேத்துப் பண்ணிடுவாங்க," என்று அவள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

வண்டியை அன்று மாலையே கட்டியிழுத்து மம்தூஹின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மம்தூஹை ஊரே உஸ்தா என்றுதான் கூப்பிடும். நக இடுக்கில் கறுப்பு நிரந்தரமாகக் குடியேறிய மனிதர். அவர் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு வழி இருக்கு ஹாஜி. ஒண்ணு, திறக்கணும்."

"இன்னொண்ணு?"

மம்தூஹ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கெட்டியான ஆயிலும் அந்தச் சின்ன டப்பா மருந்தும் ஊத்தறேன். ஒரு வாரத்துக்குப் பூனை மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை திடலுக்குக் கொண்டுபோங்க. உங்க வாயால ஒரு வார்த்தை, கைபடாததுன்னு. அடிச்சுக்குவானுங்க. அது பொய்யும் இல்ல பாருங்க."

பொய் இல்லை என்பதுதான் ஷௌகியைப் பிடித்து ஆட்டியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விற்றுவிட்டு, கொஞ்சம் சேர்த்துப் போட்டு, வேறு கைபடாத வண்டி ஒன்று வாங்கி, திரும்பவும் வாசலில் ஹாரன் அடிக்கலாம். எதையும் திறக்கவேண்டாம். யாரையும் திறக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சரி ஊற்று என்று சொல்லிவிடுவதற்காகப் போனை எடுத்தபோது அது தானாகவே அடித்தது. ஹாஸிம்.

"ஷௌகி சார், நீங்க வண்டிய விக்கப் போறீங்கன்னு மம்தூஹ் உஸ்தா சொன்னாரு. எனக்கே குடுத்துடுங்க."

"வந்து பாத்தியா?"

"நான் பாக்க என்ன இருக்கு? எனக்கு என்ன தெரியும்? நீங்க கைபடாததுன்னு சொன்னாப் போதும். எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஷௌகி சார் வண்டின்னதும் சந்தோஷத்துல குலவை போட்டுட்டாங்க."

 நாளைக்குச் சொல்கிறேன் என்று ஷௌகி போனை வைத்துவிட்டார். அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்காக மனிதர்கள் எதையும் பார்க்காமல் தலையைக் கொடுக்கிறார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தான் இத்தனை நாள் என்ன செய்தோம் என்று முதல்முறையாகத் தோன்றியது. அக்கா படியில் நின்று மூச்சு வாங்கியதும், அந்தப் பையனின் அம்மா குலவை போட்டதும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குப் போய், "திற," என்றார்.

"யோசிச்சுக்கங்க. திறந்தப்புறம் திறந்ததுதான்."

"திறன்னு சொன்னேனே உஸ்தா!"

அவரால் நின்று பார்க்க முடியவில்லை. பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்ட டயரின்மேல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறுக்கு விட்டுக் கழலும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. காது நல்ல காதாக இருப்பது எல்லா நேரமும் வரம் அல்ல. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தூக்கி வைத்த கனமான சத்தத்துக்குப் பிறகு பட்டறை அமைதியாகிவிட்டது. 

"ஹாஜி," என்று மம்தூஹ் கூப்பிட்டார். "இங்க கொஞ்சம் வாங்க."

நான்கு பிஸ்டன்களும் கரியப்பிய முகத்தோடு குழிகளுக்குள் கிடந்தன. ஒன்றின் தலையை மட்டும் மம்தூஹ் டீசல் நனைத்த துணியால் துடைத்திருந்தார். உலோகத்தில் குத்தியிருந்த எண் பளிச்சென்று தெரிந்தது: 50.

ஷௌகிக்குப் படிக்கத் தெரியாத எண் இல்லை அது. கார்த் தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டனுக்குத் தலையில் இந்த எண் இருக்காது. தேய்ந்த குழியைக் கடைந்து அகலமாக்கி, அரை மில்லிமீட்டர் பருத்த புதுப் பிஸ்டன் போடும்போதுதான் 50 வரும். அதாவது இந்த இன்ஜினை ஒருவன் முன்பே திறந்திருக்கிறான். அடிவரைக்கும் திறந்து, கடைந்து, மாற்றி, மூடியிருக்கிறான். ஷௌகி துணியைப் பிடுங்கி இரண்டாவதைத் துடைத்தார். 50. மூன்றாவது. நான்காவது. அவர் துடைத்த வேகத்தில் மம்தூஹ் சிரிப்பதற்காக எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"நல்ல கைங்க," என்றார் மம்தூஹ் கடைசியில். "நம்ம ஊரு ஆளு இல்ல. இப்படி ஒரு வேலைய நான்கூடச் செஞ்சிருக்க மாட்டேன். அதான் இத்தன வருஷம் இழுத்திருக்கு."

 இத்தனை வருடமாக ஷௌகி இந்தச் சத்தத்தைத்தான் கைபடாத சத்தம் என்று நம்பி, இதோடு ஒத்துப்போகாத வண்டியையெல்லாம் கழித்துக்கட்டியிருக்கிறார். எத்தனை பேர் முகம் தொங்கத் திடலைவிட்டுப் போனார்கள். வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. அதெல்லாம் போகட்டும். வாத்துக்கறி சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கே போகும்?

"இந்த ஒண்ணை மட்டும் கழட்டிக் குடு," என்றார்.

இன்ஷிராஹ் அன்று தனியாகவே டுக்டுக் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தாள். டயாலிசிஸ் பிரிவின் வெளியே நீளமான பெஞ்சில், முறைக்காகக் காத்திருந்தாள். கம்பளிச் சால்வை முழங்கால்மேல். தம்பி வருவதைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, கையிலிருந்த பழந்துணியைப் பிரித்து, பிஸ்டனை அவள் மடியில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கனமா இருக்கே. இதுதான் உள்ளே இருக்கறதா?"

"அப்லா, அந்த வண்டியத் திறந்திருக்காங்க."

"ஆமா," என்றாள்.

"ஆமாவா?"

"மர்ஸா மத்ரூஹுக்குக் கடல் பாக்கப் போனோமே, அந்த வருஷம். வழியில கொதிச்சு நின்னுபோச்சு. அலெக்ஸாண்ட்ரியாவுல ஒரு கிரேக்கக் கெழவர் பட்டறை. அவர் பிரிச்சு வேலை செஞ்ச நாளெல்லாம் நாங்க அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். உன் மச்சான் தெனமும் சாயங்காலம் எனக்கு மக்காச்சோளம் வாங்கிக் குடுப்பாரு." நினைத்துக்கொண்டு புன்னகை செய்தாள். "எங்க கல்யாணத்துல நல்ல நாளுங்க அதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு சொல்லத்தான் வந்தாரு. நீ அப்படிக் குதிச்சியே, கைபடாதது கைபடாததுன்னு. நான்தான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். உன் சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்னு."

 ஷௌகி கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. 

"நான் அன்னிக்குச் சாப்பாட்டுல அப்படிச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே. டேய், உன் வண்டியே திறந்ததுதான்டான்னு என் மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? வாதத்துல தோத்து நீ குடுக்கணுமா எனக்கு?" அவள் குரலில் கோபம் இல்லை. "அது வண்டி வாங்கற விஷயமா?"

உள்ளேயிருந்து மெஷின்களின் சீரான ஓசை வந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். ஷௌகி அக்காவின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "நாளைக்கு மன்சூராவுக்குப் போவோம். டாக்டர்கிட்டச் சொல்லுவோம். நான் தயார். சத்தியமா தயார் அப்லா."

இன்ஷிராஹ் பிஸ்டனைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். குழந்தைக்குத் துணி சுற்றுவது போல மெதுவாகச் சுற்றினாள்.

"நோன்புக்கு முன்னாடி நானே போய்க் கேட்டேன். உனக்கு ஒருவேளை மனசு வந்துச்சுன்னா நான் தயாரா இருக்கணுமேன்னு போய்க் கேட்டேன். எல்லா சோதனையும் பண்ணினாங்க. இதயம் பலவீனமாப் போச்சாம். மயக்க மருந்தத் தாங்காதாம். தேறிச்சுன்னா பாக்கலாம்னு சொன்னாரு." முடிச்சைப் போட்டாள். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க."

"எங்கிட்ட..."

"நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

அவருக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதுக்கு மேலான மனிதன், ஆஸ்பத்திரி பெஞ்சில், வந்துபோகிறவர்கள் பார்க்க, முகத்தைக் கையால் மூடாமல் அழுதார். அழுதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று அவருக்கே தெரிந்தது. நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, எத்தனை சனி, எத்தனை திங்கள், இந்த விஷயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். கண்ணாடி வழியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு, அவருடைய சந்தைக் கதைகளுக்குச் சிரித்துக்கொண்டு.

"போதும்டா. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள். பிறகு, "வண்டி திரும்ப ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும். மம்தூஹ் போட்டுடுவாரு."

"அப்ப புதன்கிழமை ஹாரன் அடி. டுக்டுக்ல இடுப்பு ஒடியுது." சால்வையை விலக்கி, இடது கையின் உடுப்பை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். ஊசிகளுக்காகத் தயாராகத்தான் சுருட்டுகிறாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அவள் அந்தக் கையை அவர் பக்கம் நீட்டினாள். "இதையும் ஒருத்தன் திறந்துதான் வெச்சான். என்னிக்கிலேருந்து ஓடுது பாரு. ஊரு வண்டியெல்லாம் கேட்டியே. இதக் கேளு."

ஷௌகி அந்தப் புடைப்பைப் பார்த்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி அவள் முன்னால் குந்தி, முகத்தைச் சாய்த்து, காதை அங்கே வைத்தார். தோல் சுடச்சுட இருந்தது. உள்ளே ஒரு ஓட்டம், விட்டுவிடாத ஒரு உறுமல், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கிக்கொண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். இன்ஷிராஹ் எழுந்திருக்கவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.